தண்ணீர் குடித்தும் தீராத தாகம்

மன்னார்த் தீவிலே கருவாட்டு வியாபாரம் செய்யும் என் நெடுநாள் நண்பரொருவர், ஓராண்டுக்கும் மேலாக ஒரே முறைப்பாட்டைச் சொல்லிக்கொண்டிருந்தார். எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் தாகம் அடங்குவதில்லை என்பதே அது. அவரும் வீட்டாரும் அதற்குக் கண்ட காரணங்கள் இரண்டு. ஒன்று வெயில், மற்றையது கிணற்றுத் தண்ணீர். மன்னாரை அறிந்தவர் எவரும் இவ்விரண்டையும் மறுக்கமாட்டார். ஆகவே, கண்டவர் எல்லாரும் அவருக்குச் சொன்ன யோசனையும் ஒன்றாகவே இருந்தது: "இன்னும் கொஞ்சம் கூடக் குடியுங்கோ, அண்ணை."

அவரும் குடித்தார். தண்ணீர் உவர்க்கிறது என்று கடையிலே சோடா வாங்கிக் குடித்தார். இரவில் நான்கு முறை எழுந்து சலம் கழித்தார். உடம்பு மெலிந்தது, வெயிலில் அலைவதால் மெலிகிறேன் என்றார். கடைசியில் காலிலே பட்ட சிறு காயமொன்று வாரக்கணக்கில் ஆறாமற்போகவே வைத்தியரிடம் சென்றார். சலரோகம் முற்றியிருந்தது. ஒரு கால்விரலை இழந்துதான் வீடு திரும்பினார். "வெயிலைக் குற்றஞ்சொல்லியே ஒரு வருசத்தை விட்டிட்டேன், தம்பி" என்று அவர் சொன்ன வார்த்தை என்னை இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று.

தீராத தாகம் உள்ளவருக்குத் 'தண்ணீர் குடி' என்று மட்டும் சொல்லி அனுப்புவது அரைகுறையான யோசனை என்பது என் கருத்து. அவர் தட்டில் எவ்வளவு உப்பு விழுகிறது, கோப்பையில் எவ்வளவு சீனி கரைகிறது, இரத்தத்தில் சீனியின் அளவு என்ன என்ற மூன்று கேள்விகளையும் அத்துடன் சேர்த்துக் கேட்டாக வேண்டும்.

தாகம் தொண்டையில் பிறப்பதாக நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது மூளையில் பிறக்கிறது. அங்குள்ள சில நுண்ணிய கலங்கள் இரத்தத்தின் செறிவை ஓயாமல் அளந்துகொண்டிருக்கின்றன. செறிவு நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு உயர்ந்தாலே அவை தாகத்தை எழுப்பிவிடுகின்றன. சிறுநீரகத்துக்கும் நீரைச் சேமிக்குமாறு கட்டளை பிறக்கிறது. செறிவு இரு வழிகளில் உயரலாம். வியர்வையாலோ வயிற்றோட்டத்தாலோ நீர் குறையலாம். அல்லது நீரில் கரைந்துள்ள பொருள் கூடலாம். முதலாவதை நாம் எளிதில் அடையாளம் கண்டுகொள்கிறோம். இரண்டாவது நம் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

முதலில் உப்பைப் பார்ப்போம். வைத்தியசாலையில் ஏற்றும் சேலைனில், ஒரு லீற்றருக்கு 9 கிராம் உப்பு இருக்கிறது. இரத்தத்தோடு ஒத்துப்போகும் அளவு அதுவே. எனவே, 5 கிராம் உப்பை மேலதிகமாக உண்டவரின் உடல், அதைச் சமன்செய்ய அரை லீற்றருக்கும் சற்றுக் கூடுதலான நீரைத் தேடும். கருவாட்டிலே நூற்றுக்குப் பத்துப் பங்கு உப்பு என்று குறைத்தே கணக்கிட்டாலும், 50 கிராம் கருவாட்டில் 5 கிராம் உப்பு வந்துவிடுகிறது. ஒரு நாள் முழுவதற்கும் உலக சுகாதார நிறுவனம் விதித்திருக்கும் எல்லையும் அந்த 5 கிராம்தான். சோற்றில் இட்ட உப்பும், சம்பலும், ஊறுகாயும், பாணும், மாலைநேர மிக்சரும் அதற்கு மேலதிகம். உலக மாந்தர் சராசரியாக நாளொன்றுக்கு 10.8 கிராம் உப்பு உண்கிறார்கள் என்று அந்நிறுவனம் 2023இல் கணக்கிட்டது. கருவாடும் நெத்தலியும் அன்றாடம் புழங்கும் நம் கரையோரத்து வீடுகள் அதற்குக் குறைவாக உண்ணும் என்று நான் நம்பவில்லை.

'எனக்கு உப்புத் தின்றாலும் தாகம் வருவதில்லையே' என்று சிலர் கேட்கக்கூடும். செவ்வாய்க் கிரகப் பயணத்துக்கான ஒத்திகைக்காக, மொஸ்கோவில் மாதக்கணக்காக அடைபட்டிருந்த ஆடவர் சிலரிடம் நடத்திய ஆய்வொன்று 2017இல் வெளியாயிற்று. உப்பைக் கூட்டிப் பல வாரங்கள் கொடுத்தபோது, அவர்கள் குடித்த நீரின் அளவு கூடவில்லை. சற்றுக் குறைந்தே இருந்தது. உடல் வேறு வழியில் நீரைச் சேமித்துக்கொண்டது. அந்தச் சேமிப்புக்கு விலையாகப் பசி கூடிற்று. உப்புக்குப் பழகிய உடம்பு தாகத்தைக் காட்டாமலும் இருக்கலாம் என்பதே இதிலிருந்து நான் பெறும் பாடம். தாகம் இல்லை என்பதற்காகக் கருவாட்டுக்கு நற்சான்று கொடுத்துவிட முடியாது. இரத்த அழுத்தம் தன் கணக்கை மௌனமாக எழுதிக்கொண்டேயிருக்கும்.

அடுத்தது சீனி. தமிழகத்தார் 'நீரிழிவு' என்பதை நாம் 'சலரோகம்' என்கிறோம். இரண்டு பெயர்களும் நீர் போவதையே சுட்டுகின்றன. நம் முன்னோர் நோயின் முதல் அடையாளத்தையே அதற்குப் பெயராக வைத்தார்கள். நாமோ பெயரைச் சொல்லிக்கொண்டே அடையாளத்தை மறந்துவிட்டோம். இரத்தத்தில் சீனியின் அளவு ஏறத்தாழ 180 மில்லிகிராமைக் கடக்கும்போது சிறுநீரகத்தால் அதைப் பிடித்துவைக்க முடிவதில்லை. வெளியேறும் சீனி தன்னோடு நீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. உடல் வற்றுகிறது, தாகம் எடுக்கிறது. அந்தத் தாகத்துக்குச் சோடா குடித்தால், சீனி மேலும் ஏறி, இன்னும் கூடுதலான நீரை வெளியே தள்ளுகிறது. என் நண்பர் ஓராண்டு சுழன்றது இந்தச் சுழலில்தான்.

இலங்கையில் 2016ஆம் ஆண்டு ஓகஸ்ட் முதல் குளிர்பானப் போத்தல்களில் நிற அடையாளம் இடப்படுகிறது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு; இரண்டு கிராமுக்குக் குறைந்தால் பச்சை. நல்ல ஏற்பாடு. ஆனால் நம் வீட்டுத் தேத்தண்ணீர்க் கோப்பைக்கு நிறம் இடுவார் இல்லை. கோப்பைக்கு இரண்டு கரண்டியாக, நாளுக்கு ஐந்து கோப்பை குடிப்பவர், அதிலேயே 40 முதல் 50 கிராம் சீனியை உட்கொள்கிறார். வளர்ந்த ஒருவருக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த உச்ச எல்லை ஏறக்குறைய 50 கிராம். அதிற் பாதியோடு நிறுத்துவது மேல் என்றும் அது சொல்கிறது.

இவ்விரண்டுக்கும் அப்பாலும் காரணங்கள் உண்டு. இரத்த அழுத்தத்துக்கு எடுக்கும் சில குளிசைகள் சலத்தைக் கூட்டும். ஒவ்வாமைக்கும் மனச்சோர்வுக்கும் எடுக்கும் சில மருந்துகள் எச்சிலை வற்றச் செய்யும். அது நாவறட்சியே தவிரத் தாகமன்று, ஆனாலும் தாகமாகவே தோன்றும். இரத்தத்தில் கல்சியம் மிகுதல், சிறுநீரக நோய், நீரைச் சேமிக்கும் ஓமோன் குறைதல் ஆகியனவும் அரிதாகக் காரணமாகலாம். முதியோர் நிலை இதற்கு நேர்மாறானது. அவர்களுக்குத் தாக உணர்வே மங்கிவிடும். கேட்கும்வரை காத்திராமல் தண்ணீர் கொடுக்க வேண்டும். இதயநோய்க்கோ சிறுநீரக நோய்க்கோ தண்ணீரை மட்டுப்படுத்துமாறு வைத்தியர் சொல்லியிருந்தால், அவர் சொன்ன அளவே அளவு.

நாளுக்கு எட்டுக் குவளை தண்ணீர் என்ற விதிக்கு வலுவான ஆதாரம் தமக்குக் கிட்டவில்லை என்று அமெரிக்க உடலியல் அறிஞர் ஹைன்ஸ் வால்ற்றின் 2002இலேயே எழுதினார். நமக்கு வேண்டிய நீரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உணவிலிருந்தே கிடைக்கக்கூடும். வெந்த சோற்றில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கும், வெள்ளரியில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கும் நீர். பாணில் அதிற் பாதிகூட இல்லை. பழஞ்சோற்றுத் தண்ணீரும், நீர்மோரும், நுங்கும், எருக்கலம்பிட்டி வீடுகளில் நோன்பு திறக்கக் காய்ச்சும் கஞ்சியும் இந்த வெயிலை அறிந்தவர்கள் கண்ட உணவுகள். சஹர் உணவில் கருவாட்டைத் தவிர்ப்பவருக்கு நோன்பின் தாகம் குறையும் என்பது அனுபவசாலிகள் அறிந்தது. மேற்சொன்ன உப்புக் கணக்கும் அதையே சொல்கிறது. ஆனால் கருப்பநீரிலும் நூற்றுக்குப் பத்துப் பங்களவு சர்க்கரை உண்டு. பனை தந்தது என்பதற்காகச் சலரோகக்காரருக்கு அது மருந்தாகிவிடாது.

இனி, கிணற்றைப் பற்றியும் நியாயமாகப் பேச வேண்டும். மன்னாரார் தண்ணீரைக் குறைசொல்வது வெறும் சாட்டன்று. தீவின் மணலுக்கடியிலே உவர்நீரின் மேல் மிதக்கும் நன்னீர்ப் படையே அங்குள்ள கிணறுகளுக்கு ஆதாரம். கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் உயரத்துக்கு நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றருக்கு அது உவரை அழுத்தி நிற்கும் என்பது நீரியலாளர் கணக்கு. மேலே ஒரு சாண் குறைந்தால் கீழிருந்து உவர் பல மடங்கு ஏறிவரும். மாரிமழை பொய்த்தாலும், அளவுக்கு மீறி இறைத்தாலும், மணலைத் தோண்டினாலும் இந்தச் சமநிலை குலையும். 2025இல் காற்றாலை விரிவாக்கத்துக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராகத் தீவு மக்கள் வீதிக்கு இறங்கியபோது, அவர்கள் எழுப்பிய அச்சங்களில் குடிநீரும் ஒன்று. அந்த அச்சத்தை அறியாமை என்று தள்ளிவிடுவது தவறு. லீற்றருக்கு ஒரு கிராம் உப்புள்ள நீரை மூன்று லீற்றர் குடிப்பவர், சோற்றிலே கை வைக்கும் முன்னரே 3 கிராம் உப்பை உட்கொண்டுவிடுகிறார். பங்களாதேஷின் குல்னாக் கரையோரத்தில் நடந்த ஆய்வுகள், குடிநீரின் உப்புக்கும் கர்ப்பிணிகளின் இரத்த அழுத்தத்துக்கும் தொடர்பிருப்பதை எடுத்துக்காட்டியிருக்கின்றன. அங்கும் கடல்தான் அயல்.

ஆகவே நான் கேட்பவை மிகச் சில. பொதுக்கிணறு ஒவ்வொன்றின் உப்பளவையும் ஆண்டுக்கு இருமுறையாவது அளந்து, அவ்விடத்திலேயே எழுதி வைக்க வேண்டும். 35 வயதைக் கடந்தவர்கள் இரத்தத்தை இலவசமாகச் சோதித்துக்கொள்ளச் சுகாதார அமைச்சின் நலவாழ்வு நிலையங்கள் இருக்கின்றன. ஆயினும் கடலுக்குப் போனவர் கரைசேர்ந்து, மீனை விற்று, வலையைச் சீர்செய்து முடிக்கும்போது நேரம் போய்விடுகிறது. பேசாலையிலும் தலைமன்னாரிலும் சோதனைக் கருவி வாடிக்கே வரட்டும். விரல்நுனியில் ஒரு துளி இரத்தம், ஒரு நிமிட நேரம். ஒரு காலைக் காப்பாற்ற அது போதும்.

வீட்டிலே செய்யக்கூடியவையும் உண்டு. கருவாட்டை இருமுறை ஊறவைத்து நீரை மாற்றுங்கள். அதைத் தினசரிக் கறியாக்காமல், வாரத்துக்கு ஒருநாள் ருசிக்கு வையுங்கள். சோடாவின் இடத்தில் தண்ணீரையும், சீனி போடாத தேசிக்காய்த் தண்ணீரையும் வையுங்கள். ஊரிலிருந்து கருவாட்டுப் பொதி வரப்பெறும் ரொறன்ரோ, இலண்டன் உறவுகளுக்கும் இது பொருந்தும். அங்கே குற்றஞ்சொல்ல வெயிலும் இல்லை. தெற்காசியருக்குச் சலரோகம் இளவயதிலேயே, அதிகம் பருக்காத உடம்பிலும் வந்துவிடுகிறது என்பதையும் அவர்கள் மறக்கலாகாது.

இரண்டு வாரமாகத் தாகம் விடவில்லை, இரவில் அடிக்கடி எழுகிறீர்கள், காரணமின்றி மெலிகிறீர்கள் என்றால், இன்னொரு போத்தலைத் திறக்காதீர்கள், இரத்தத்தைச் சோதியுங்கள். தாகத்தோடு வாந்தியும், வேகமான மூச்சும், மயக்கமும் சேர்ந்தால் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

நண்பர் இப்போதும் கருவாடு விற்கிறார். வருகிறவர்களிடம், "ஊறவைச்சுச் சமையுங்கோ, தாகம் கூடவெண்டால் ரத்தத்தைப் பாருங்கோ" என்று சொல்லித்தான் பொதியைக் கட்டிக்கொடுக்கிறார். வியாபாரம் குறையவில்லையாம்.