திறந்த பெட்டியும் வணிகர் மீதான நம்பிக்கையும்

சந்திரகிரி, திருப்பதி வட்டாரத்தில் முகூர்த்த நாட்களை நம்பித் தொழில் நடத்தும் ஒளிப்படக் கலைஞருக்குக் கேமரா ஆடம்பரப் பொருளன்று, பிழைப்புக்கான கருவி. முத்ரா கடன் பெற்று, இரண்டு மூன்று லட்சம் ரூபாய் கொடுத்து அதை வாங்குகிறார். கடையில் தரப்படும் புதிய கேமராவின் பெட்டி முன்பே திறக்கப்பட்டிருந்தால் என்ன செய்வது?

பெட்டி திறந்திருப்பது மட்டுமே மோசடிக்குச் சான்றாகாது. உள்ளிருப்பவற்றைச் சரிபார்க்க வணிகர் திறந்திருக்கலாம். ஆயினும், காட்சிக்கு வைத்ததோ பிறர் திருப்பித் தந்ததோ புதியதென முழு விலைக்கு விற்கப்படவும் வாய்ப்புண்டு.

வணிகரை நம்புவதில் தவறில்லை. அந்நம்பிக்கை எழுத்தில் இருத்தல் வேண்டும் என்பதே எங்கள் கருத்து. வரிசை எண் கேமராவிலும் பெட்டியிலும் ஜி.எஸ்.டி. பில்லிலும் ஒன்றாக இருக்கிறதா எனப் பாருங்கள். வெளிநாட்டுக் கேமராவாயின், இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் பெட்டியில் இருத்தல் சட்டப்படி கட்டாயம். பெட்டி திறக்கப்பட்ட காரணத்தையும், வாரண்டி தொடங்கும் தேதியையும் பில்லிலேயே எழுதித் தரக் கோருங்கள். நேர்மையான வணிகர் இதற்குத் தயங்கமாட்டார்.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சென்னையில் வாங்கிய பொருளுக்கும் தாம் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே முறையிடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமில்லை. 1915 என்ற தேசிய உதவி எண்ணும் உண்டு. எங்குச் சென்றாலும் முதலில் கேட்கப்படுவது பில்தான்.

கேமரா பழுதடைந்தாலும் கடன் தவணை நிற்பதில்லை. எனவே, கடையை விட்டு இறங்கும் முன்னரே கேட்டுவிடுவது நலம்.