பழைய காரில் ஏ.சி. கம்ப்ரஸர் போனால்... மாற்றுவதா, கழற்றிவிடுவதா?

கேள்வி: ‘எங்களிடம் 14 வருடப் பழைய டீசல் கார் இருக்கிறது. விடிகாலையில் மல்லிகைப் பூவை சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவதும், வாரத்தில் இரண்டு நாள் அம்மாவை டயாலிசிஸுக்குத் திருநெல்வேலி கூட்டிப்போவதும் அதில்தான். ஏ.சி. போட்டால் கரகரவென்று சத்தம் வருகிறது. போன வாரம் பெல்ட் கருகிய வாடையும் அடித்தது. மூன்று கோடையாக கேஸ் நிரப்பித்தான் ஓட்டினோம். ஒரு மெக்கானிக் கம்ப்ரஸரோடு எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார். இன்னொருவர், “பழைய வண்டிக்கு எதுக்கு அண்ணாச்சி இவ்வளவு செலவு? ஏ.சி-யைக் கழட்டி விட்டுருவோம்” என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?’
- சங்கரன்கோவில் வட்டத்து வாசகர் ஒருவர்

பதில்: இரண்டு மெக்கானிக்குகள் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால், என்ன பழுது என்று இன்னும் யாரும் உறுதி செய்யவில்லை. செடி வாடினால் தண்ணீர் குறைவா, வேரழுகலா என்று பார்த்த பிறகுதானே மருந்து வாங்குகிறோம்? இதற்கும் அதே முறைதான்.

முதலில் பழுதைக் கண்டுபிடிக்க வேண்டும்

கம்ப்ரஸரின் முன்புறம் பெல்ட் ஓடும் புல்லியும், அதன் முகப்பில் கிளட்ச் தட்டும் இருக்கும். இன்ஜின் ஓடும்போது ஏ.சி. பட்டனை அழுத்தினால் ‘டக்’ என்ற சத்தத்துடன் தட்டு ஒட்டிச் சுழல வேண்டும். கையையும் வேட்டி, துண்டையும் தள்ளி வைத்துக்கொண்டு இதைப் பார்க்கலாம்.

தட்டு ஒட்டவே இல்லை என்றால், பழுது கம்ப்ரஸரில் இருக்க வேண்டும் என்பதில்லை. ஃபியூஸ், ரிலே, வயர், கிளட்ச் காயில் இவற்றில் ஒன்று போயிருக்கலாம். கேஸ் குறைந்தாலும் பிரஷர் சுவிட்ச் கரன்ட்டைத் துண்டித்துவிடும். இவை சிறிய செலவில் முடிகிற வேலைகள்.

ஏ.சி. அணைத்திருக்கும்போதும் சத்தம் வந்தால், புல்லி பேரிங் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். பெரும்பாலான மாடல்களில் பேரிங்கையோ கிளட்ச் செட்டையோ மட்டும் மாற்றலாம். கேஸை இறக்காமலே முடிகிற வண்டிகளும் உண்டு.

ஏ.சி. போட்டால் மட்டும் சத்தம் வந்து, பெல்ட்டும் கருகினால், கம்ப்ரஸரின் உள்ளே இறுகுகிறது என்று சந்தேகிக்கலாம். இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, சூடு ஆறிய பின் கிளட்ச்சின் முன்தட்டைக் கையால் திருப்பிப் பார்க்க வேண்டும். லேசான பிடிமானத்துடன் சுற்றினால் நல்லது. அசையவே இல்லை என்றால் உள்ளே பிடித்துவிட்டது. வாசகர் சொல்லும் அடையாளங்கள் இந்தப் பக்கம்தான் சாய்கின்றன.

வருடா வருடம் கேஸ் நிரப்பியதன் விலை

ஏ.சி. கேஸ் தானாகத் தீர்ந்துபோகிற பொருள் அல்ல. ஒவ்வொரு கோடையிலும் நிரப்ப வேண்டி வந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கம்ப்ரஸருக்கு வேண்டிய ஆயிலைச் சுற்றிக் கொண்டுபோவதும் அந்த கேஸ்தான். கேஸ் குறையக் குறைய ஆயில் திரும்பி வருவதும் குறையும். கசியும் இடத்தில் ஆயிலும் கூடவே வெளியேறும். கடைசியில் கம்ப்ரஸர் காய்ந்து தேய்கிறது. கசிவை அடைக்காமல் மூன்று வருடம் நிரப்பியதே இந்தப் பழுதுக்குக் காரணமாக இருக்கலாம்.

உள்ளே தேய்ந்து இறுகிய கம்ப்ரஸர் இரும்பு, அலுமினியத் துகள்களைக் குழாய்களில் தள்ளியிருக்கும். மணல் தள்ளுகிற போரைச் சுத்தம் செய்யாமல் புது மோட்டார் இறக்கினால் என்ன ஆகும்? அதுதான் இங்கேயும். ‘எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்’ என்று மெக்கானிக் சொன்னதன் காரணம் இதுதான். அவர் ஏமாற்றுகிறார் என்று நினைக்க வேண்டாம்.

சரியான வேலை என்பது இது: குழாய்களைக் கழுவுவது, ட்ரையர் ஃபில்டரைக் கட்டாயம் புதிதாகப் போடுவது, எக்ஸ்பான்ஷன் வால்வை மாற்றுவது, ‘ஓ’ ரிங்குகளை மாற்றுவது. கண்டன்ஸரின் நுண்துளைகளில் துகள் அடைத்திருந்தால் கழுவினாலும் முழுதாகப் போகாது. அதையும் மாற்ற வேண்டிவரும். பிறகு நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை தடவிக் கசிவு பார்க்க வேண்டும். குறைந்தது அரை மணி நேரமாவது வேக்கம் போட்டு ஈரத்தை எடுக்க வேண்டும். கடைசியாக, பானெட் அடியில் ஸ்டிக்கரில் உள்ள கிராம் கணக்குப்படி எடை போட்டு கேஸ் ஏற்ற வேண்டும்.

எந்த கேஸ்?

மிகப் பழைய வண்டிகளில் ஆர்-12 என்ற கேஸ் இருந்தது. ஓசோன் படலத்தைக் கெடுப்பதால், 1987-ல் கையெழுத்தான மான்ட்ரியல் ஒப்பந்தத்தைத் தொடர்ந்து அது கைவிடப்பட்டது. வாசகரின் காரில் ஆர்-134ஏ இருக்கும். இரண்டுக்கும் ஆயில் வேறு, கலக்கக் கூடாது. செலவு குறையும் என்று சமையல் கேஸை ஏற்ற யாராவது சொன்னால் சம்மதிக்கவே கூடாது. கசிந்து காருக்குள் தேங்கினால் ஒரு தீப்பொறி போதும்.

கழற்றிவிடுவது எப்போது சரி?

புல்லி பேரிங் நன்றாக இருந்தால், கிளட்ச் வயரை மட்டும் கழற்றிவிட்டு ஓட்டலாம். புல்லி சும்மா சுற்றும். ஏ.சி-க்குத் தனி பெல்ட் இருந்தால் அதையே எடுத்துவிடலாம். ஆனால் டைனமோ, வாட்டர் பம்ப், பவர் ஸ்டீயரிங் எல்லாம் ஒரே பெல்ட்டில் ஓடும் வண்டியில் பேரிங் போயிருந்தால் காத்திருக்கக் கூடாது. புல்லி இறுகி பெல்ட் அறுந்தால் இன்ஜின் சூடேறி நடுவழியில் நிற்கும். நோயாளி உள்ளே இருக்கும்போது அப்படி நடக்கக் கூடாது. அதற்கென உள்ள வெற்றுப் புல்லியையோ, சரியான அளவுள்ள குட்டை பெல்ட்டையோ போட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

பூவுக்கு மட்டும் என்றால் அதுவே போதும். பொழுது ஏறுமுன் மார்க்கெட்டில் இறக்கிவிடுகிற பூவுக்கு ஏ.சி. எதற்கு? அம்மாவின் கதை வேறு. டயாலிசிஸ் செய்பவர்கள் தாகத்துக்கு நினைத்தபடி தண்ணீர் குடிக்க முடியாது. சிகிச்சை முடிந்ததும் ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வரலாம். சித்திரை வெயிலில் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் திரும்பி வருகிற அவருக்கு ஏ.சி. சொகுசு அல்ல. ஆகவே சரிசெய்வதே நல்லது.

செலவுக்கு முன் ஒரு கணக்கு

சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வாசகரின் காருக்கு அடுத்த வருடம் அந்த வேலை வருகிறது. இன்ஜின், அடித்தளத் துரு, பிரேக் மூன்றையும் பார்த்து, புதுப்பிக்கத் தகுதி இருக்கிறது என்று தெரிந்த பின்பே ஏ.சி-யில் பணம் போட வேண்டும். வண்டி தாங்காது என்றால், அந்தப் பணத்தை வாடகைக் காருக்கு வைத்துக்கொள்வது லாபம்.

புது கம்ப்ரஸர் கட்டுப்படியாகாவிட்டால், ரீகண்டிஷன் செய்ததை உத்தரவாதத்துடன் வாங்கலாம். காயலான் கடையில் எடுத்தால், வாய் மூடி வைத்ததா, கையால் சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். எதுவானாலும் இரண்டு இடத்தில் உதிரிபாகம் வாரியாக விலையை எழுதி வாங்குவதும், கழற்றிய பழைய சாமான்களைக் கேட்டு வாங்குவதும் நல்லது.

வேலை முடியும் வரை, அம்மாவுக்குக் காலை முதல் முறையில் டயாலிசிஸ் கிடைக்குமா, ஊருக்குப் பக்கத்திலேயே வசதி உண்டா என்று மருத்துவமனையில் கேட்கலாம். புளோயர் தனியாக ஓடும். ஜன்னலைத் திறந்து, ஈரத்துண்டு வைத்துக்கொள்ளலாம். நிறுத்திய காருக்குள் அவரை ஒரு நிமிடம்கூட உட்கார வைக்கக் கூடாது.

சரிசெய்த பின், கரிசல் புழுதி அடைக்கும் கண்டன்ஸரை மெல்லிய தண்ணீரில் அவ்வப்போது கழுவ வேண்டும். கார்த்திகை மழையிலும் வாரம் பத்து நிமிடம் ஏ.சி. ஓடட்டும், ஆயில் சுற்றி, சீல்கள் காயாமல் இருக்கும். அடுத்த கோடையில் குளிர்ச்சி குறைந்தால், ‘கேஸ் நிரப்புங்க’ என்று சொல்லாமல் ‘எங்கே கசியுதுன்னு பாருங்க’ என்று சொல்லி வண்டியை விட வேண்டும்.