முதுமையில் மலைநடை

மலேசியாவில் தனியார் துறை ஊழியர்களின் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. ஓய்வுக்குப் பின் கிடைக்கும் விடுமுறைக் காலத்தைச் சிலர் மலைநடையில் கழிக்கின்றனர். அவர்களுள் தனியாகவே நடக்க விரும்புவோரும் உண்டு. "இந்த வயதில் தனியாக மலைக்குப் போவதா?" என்று பிள்ளைகள் தடுக்கின்றனர். அக்கறையால் எழும் தடை அது. எனினும், தனியாகச் செல்வது வேறு. யாருக்கும் தெரியாமல் செல்வது வேறு. இவ்விரண்டையும் பிரித்துப் பார்த்தால் இச்சிக்கலுக்கு வழி பிறக்கும்.

கோலா கங்சார் பேராக் ஆற்றங்கரையில் அமைந்துள்ள அரச நகரம். அதன் அருகே 1,600 மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கிறது புபு மலை. 1877-இல் இந்நகரில் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. பின்னர், பேராக் முழுவதும் தோட்டங்கள் பெருகின. விடியற்காலையில் மேடு பள்ளங்களில் நடந்து பால்மரம் சீவிய தமிழர் பலர் இன்று மூத்தோராக உள்ளனர். மலைச்சரிவில் நடப்பது அவர்களுக்குப் புதிதன்று.

நடப்பதன் நன்மையை மறுப்பவர் இலர். முதியோரும் வாரத்திற்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. மேட்டில் ஏறும்போது இதயமும் கால் தசைகளும் வலுப்பெறுகின்றன. தனியாக நடப்பவர் பிறருடைய வேகத்திற்கு ஈடுகொடுக்க வேண்டியதில்லை, களைத்தால் அமரலாம், முடியாவிட்டால் திரும்பிவிடலாம். "என் காலில் நான் நிற்கிறேன்" என்னும் மனத்தெம்பு முதுமையில் மிக அரிய செல்வமாகும்.

ஆயினும், ஆபத்தையும் மறைக்கக்கூடாது. அமெரிக்காவின் எம்மா கேட்வுட் 1954-இல் அப்பலாச்சியன் மலைப்பாதையில் தனியாக நடந்தபோது வழி தவறினார். மூக்குக் கண்ணாடியும் உடைந்தது. வனக் காவலர்கள் அவரைக் கண்டு, வீடு திரும்புமாறு அறிவுறுத்தினர். மறு ஆண்டு, தம் 67ஆம் வயதில், 3,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அப்பாதை முழுவதையும் அவர் தனியாகவே நடந்து முடித்தார். அவரது மன உறுதி போற்றத்தக்கது. ஆனால், வழி தவறிய அந்நாளில் காவலர்கள் கண்ணில் பட்டிராவிட்டால் என்ன நேர்ந்திருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் நாட்டுக் காடுகளில் இக்கேள்வி மேலும் முக்கியமானது. பிற்பகலில் பெருமழை பெய்தால் பாதை வழுக்கும். ஓடை நீர் விரைவில் உயரும். அடர்ந்த மரங்களுக்கிடையே சீக்கிரமே இருள் சூழும். பள்ளத்தாக்கில் கைப்பேசித் தொடர்பும் கிடைக்காமல் போகலாம். கூட்டமாகச் செல்பவருக்குக் கால் பிசகுவது சிறு தொல்லை. தனியாகச் செல்பவருக்கு அதுவே உயிராபத்தாகலாம். ஆகவே, இடத்தைத் தெரிவு செய்வதில் கவனம் தேவை. புபு மலை போன்ற அடர்காட்டு மலைக்கு முதியவர் தனியே செல்லாமல் வழிகாட்டியோடு செல்வதே முறை. காப்புக்காட்டில் நுழைய வனத்துறையின் அனுமதியும் வேண்டும். தனியாக நடக்க விரும்புவோர், பலரும் நடமாடும் தெளிவான பாதைகளை நாடலாம். பாதை திறந்துள்ளதா என்பதை முன்கூட்டியே விசாரிப்பதும் நன்று.

இதில் குடும்பத்தாருக்கும் பங்குண்டு. கண்டிப்பாகத் தடுத்தால், பெரியவர் சொல்லாமலே கிளம்பிவிடக்கூடும். ஆபத்து அங்குதான் தொடங்குகிறது. மாறாக, அவரை மருத்துவப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லலாம். எந்தப் பாதையில் செல்கிறார், எத்தனை மணிக்குள் திரும்புவார் என்பதை எழுதி வாங்கி வைக்கலாம். குறித்த நேரம் கடந்தும் அவர் திரும்பாவிட்டால், தயங்காமல் 999 என்ற எண்ணை அழைக்க வேண்டும். கைவிளக்கு, விசில், மழையங்கி, குடிநீர், வழக்கமான மருந்து ஆகியவை பையில் இருக்கின்றனவா என்பதைப் பேரப்பிள்ளைகளே சரிபார்க்கலாம்.

வருமுன் காப்பது பெரியவரின் கடமை. வழியறிந்து அனுப்புவது இளையோரின் கடமை. இவ்விரண்டும் கூடினால், முதுமையிலும் மலைப்பாதை மூடப்படாது.