ஷாங்காயில் ஒரு சிவகாசி தீபாவளி

பொட்டி தட்ட வந்த இடத்துல தீபாவளின்னா அகல் விளக்கோட சரி. 2016 முதல் ஷாங்காய் வெளிவட்டச் சாலைக்குள்ள பட்டாசுக்குத் தடை. பட்டாசைக் கண்டுபிடிச்ச நாடுய்யா இது! தங்கமணிக்கோ மருந்து வாசம் இல்லாம பண்டிகையே இல்ல. திருத்தங்கல்காரியாச்சே :-)

"சீனாக்காரனே நிறுத்திட்டான், உங்களுக்கென்ன?"ன்னு சென்னை நண்பர்கள் கேக்குறாங்க. பாதிதான் உண்மை மக்களே. நகரத்துல வெடிக்கத்தான் தடை. ஹூனான் பக்கம் லியூயாங்ல செஞ்சு உலகத்துக்கே அனுப்புறாங்க.

நம்மூர்ல? 2018ல உச்ச நீதிமன்றம் பேரியம் கூடாது, சரவெடியும் கூடாதுன்னுடுச்சு. புகையை நினைச்சா நியாயம்தான். ஆனா என் மாமியார் சரவெடி பின்னித்தான் இவளைப் படிக்க வச்சாங்க. அந்தக் கைகளுக்கு மாத்து வேலை எங்கே? வெடிக்கிறதை ஊருக்கு ஊர் கட்டுப்படுத்துங்க. தயாரிப்பை மாத்தணும்னா, விருதுநகர் மாவட்டத்துக்குத் துட்டும் அவகாசமும் சேர்த்துக் குடுங்க.