பழைய கேசட்டும் ஒரு போதகரின் பிழையும்



கடந்த சில மாதங்களாகச் சபையின் மூத்தோர் இருவர் என்னிடம் ஒரு கேள்வியை எழுப்பி வருகின்றனர். நாற்பது வயதைக் கடந்தவரும் இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனுமான ஒரு சகோதரர், சனிக்கிழமைதோறும் பழைய வீடியோ கேம் கேசட்டுகளைத் தேடிச் சென்னையின் கடைத்தெருக்களில் அலைகிறார். வளர்ந்த ஒரு விசுவாசிக்கு இது தகுமா? போதகர் அவருக்குப் புத்தி சொல்ல வேண்டாமா?

இக்கேள்விக்கு இந்த வாரச் சிந்தனையில் வெளிப்படையாகவே பதில் எழுத விரும்புகிறேன். அந்தச் சகோதரரின் சம்மதத்தைப் பெற்றுக்கொண்டே எழுதுகிறேன். ஏனெனில், அவருக்குப் புத்தி சொல்லும் வேலையை நான் ஏற்கெனவே ஒருமுறை செய்திருக்கிறேன். அது 1996 ஆம் ஆண்டு நடந்தது.

அப்பொழுது நான் இறையியல் கல்லூரிப் படிப்பை முடித்து, தென்மாவட்டச் சிற்றூர் ஒன்றில் ஊழியத்தைத் தொடங்கியிருந்தேன். கோடை விடுமுறையில் வாலிபர் முகாம் நடத்தினோம். ஆவிக்குரிய வளர்ச்சிக்குத் தடையாயிருக்கும் பொருட்களைக் கொண்டுவந்து கடைசி இரவு நெருப்பில் போடும்படி பிள்ளைகளுக்குச் சொன்னேன். சினிமாப் பாட்டுக் கேசட்டுகள் வந்தன. நடிகர்களின் படங்கள் வந்தன. பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன், தொலைக்காட்சியில் இணைத்து விளையாடும் ஒரு கருவியையும் மஞ்சள் நிறக் கேசட் ஒன்றையும் அட்டைப்பெட்டியோடு கொண்டுவந்தான். தயங்கித் தயங்கி நின்றான். நான் அவன் தோளில் கைவைத்து ஊக்கப்படுத்தினேன். அவன் போட்டான். நாங்கள் கைதட்டினோம்.

அடுத்த ஆண்டு முகாமுக்கு அவன் வரவில்லை. பிறகு ஆராதனைக்கு வருவதும் நின்றுபோனது. எனக்கும் இடமாற்றம் வந்தது. அவனை மறந்துவிட்டேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு குடும்பம் நம் ஆலயத்திற்கு வரத் தொடங்கியது. அந்தக் குடும்பத் தலைவர் என்னைப் பார்த்த முதல் நாளிலேயே அடையாளம் கண்டுகொண்டார். நான் கண்டுகொள்ளவில்லை. வீடு சந்திக்கச் சென்றபோது, முன்னறையின் மூலையில் ஒரு பழைய பிக்சர் டியூப் டிவியும், அதனருகே தூசியின்றி அடுக்கப்பட்ட கேசட்டுகளும் இருக்கக் கண்டேன். விசாரித்தேன். அவர் கோபமின்றி, ஒரு புன்னகையோடுதான் சொன்னார்.

அவருடைய தகப்பனார் துபாயில் வேலை பார்த்தவர். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஒரு மாத விடுப்பில் வருவார். மகனோடு என்ன பேசுவதென்று அவருக்குத் தெரியாது, மகனுக்கும் தெரியாது. ஒருமுறை அந்தக் கருவியை வாங்கி வந்தார். அந்த ஒரு மாதமும் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் இருவரும் தரையில் அமர்ந்து விளையாடினார்கள். தகப்பனும் மகனும் சேர்ந்து செய்த ஒரே காரியம் அதுதான். நான் எரிக்கச் சொன்னது அதைத்தான். தகப்பனார் இப்போது உயிரோடில்லை.

“ஐயா, அன்னைக்கு இது யார் வாங்கிக் கொடுத்ததுன்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தாப் போதும்” என்றார்.

நான் கேட்கவில்லை. பதில்களை நிறையக் கற்றுக்கொண்டு வந்திருந்த எனக்கு, கேட்பதற்குக் கேள்வி ஒன்றும் இருக்கவில்லை.

பிரியமானவர்களே, அந்தச் சகோதரர் எதைத் தேடி அலைகிறார் என்பதை நேரில் அறிய விரும்பி, ஒரு சனிக்கிழமை அவரோடு நானும் சென்றேன். மின்சார ரயிலில் கடற்கரை நிலையத்தில் இறங்கிப் பர்மா பஜார்; அங்கிருந்து ரிச்சி தெரு; பிறகு சென்ட்ரலுக்கு அருகே பழைய பொருட்கள் விற்கும் கடைகள்; திரும்பும் வழியில் இரண்டு காயலான் கடைகள். எல்லாரும் அவரைப் பெயர் சொல்லி அழைக்கிறார்கள். ஒரு கடைக்காரரின் மகளுக்குத் தேர்வு முடிவு என்னவாயிற்று என்று இவர் விசாரிக்கிறார். மற்றொருவர் இவருக்கென்று எடுத்து வைத்திருந்த உடைந்த ஜாய்ஸ்டிக்கை நீட்டுகிறார். பேரம், தேநீர், நலம் விசாரிப்பு. அன்று அவர் செலவிட்டது முந்நூறு ரூபாய்க்கும் குறைவு. நம் ஆலயத்தின் ஐக்கிய விருந்துகளில்கூட இவ்வளவு ஐக்கியத்தை நான் எப்போதும் கண்டதில்லை என்று சொன்னால் நீங்கள் என்மேல் வருத்தப்படக் கூடாது.

வழியெங்கும் அவர் எனக்குப் பாடம் நடத்தினார். ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலை 15 அன்று வெளியிட்ட ஃபாமிகாம் என்ற கருவியே இவற்றுக்கெல்லாம் மூலம். மசாயுகி உயெமுரா என்ற பொறியாளர் வடிவமைத்தது அது. உலகெங்கும் ஆறு கோடிக்கு மேல் விற்றது. நம் ஊர் வீடுகளுக்கு 1990களில் வந்தவை பெரும்பாலும் அதன் நகல்கள். கேசட்டின்மேல் 9999 விளையாட்டுகள் என்று அச்சிட்டிருப்பார்கள். உள்ளே இருப்பவையோ சில விளையாட்டுகள்தாம், அவையே பெயர் மாறித் திரும்பத் திரும்ப வரும். பட்டியல் திரையில் ஒரு கடற்கரைப் படமும் பறந்து செல்லும் பறவைகளும் இருக்கும். அந்தத் திரையோடு கூடிய மஞ்சள் கேசட்டைத்தான் அவர் தேடுகிறார்.

துப்பாக்கியால் வாத்துகளைச் சுடும் விளையாட்டுக்குப் பழைய டிவியே வேண்டும் என்றும் விளக்கினார். விசையை அழுத்தியவுடன் கணநேரம் திரை கறுத்து, வாத்து இருக்குமிடம் மட்டும் வெண்மையாக ஒளிரும். துப்பாக்கியிலுள்ள உணர்கருவி அந்த ஒளியைப் பார்த்தே குறி தப்பியதா இல்லையா என்று தீர்மானிக்கிறது. இன்றைய தட்டையான டிவிகளில் படம் சற்றுத் தாமதித்தே தோன்றுவதால் குறி பலிப்பதில்லை. ஆகவேதான் காயலான் கடையிலிருந்து அந்தக் கனத்த டிவியை ஆட்டோவில் ஏற்றி வந்தார்.

இன்னொன்றையும் அவர் சொன்னார். அது என்னைக் குத்தியது. கேசட் வேலை செய்யாவிட்டால் பிள்ளைகள் அதன் வாயில் பலமாக ஊதுவார்கள் அல்லவா? அந்த ஊதலால் பயனில்லையாம். கேசட்டைக் கழற்றித் திரும்பச் செருகியதால்தான் அது வேலை செய்தது. மூச்சிலுள்ள ஈரமோ உலோக முனைகளை நாளடைவில் அரித்துவிடும். ஊத வேண்டாம் என்று நின்டெண்டோ நிறுவனமே எச்சரித்திருந்தது. செய்ய வேண்டியதெல்லாம், பஞ்சுக்குச்சியில் சிறிது ஆல்கஹால் தொட்டு மெதுவாகத் துடைப்பது. சுத்தம் செய்கிறோம் என்று நம்பிக்கொண்டே கெடுக்க முடியும். 1996 இல் நானும் மிகுந்த பலத்தோடு ஊதினேன்.

இனி வேதத்திற்கு வருவோம். அந்த முகாமில் நான் பிரசங்கித்தது, குழந்தைப் பருவத்திற்குரியவற்றைத் தாம் ஒழித்ததாகப் பவுல் கொரிந்தியருக்கு எழுதும் பகுதியை ஆதாரமாகக் கொண்டே. நம்மில் பலர் பிறரைக் கண்டிக்க எடுத்தாளும் வசனம் அது. ஆனால் அது எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள். அன்பைக் குறித்த அதிகாரத்தின் நடுவில் நிற்கிறது. அதற்குச் சற்று முன்னர், தீர்க்கதரிசனமும் அறிவும் ஒழிந்துபோகும் என்று சொல்லும்போதும் பவுல் அதே கிரேக்க வினைச்சொல்லையே பயன்படுத்துகிறார். அவர் பேசுவது பொம்மைகளைப் பற்றியன்று. குறைவாக அறிந்துகொண்டு நிறைவாக அறிந்ததாக எண்ணும் பேதைமையைப் பற்றியது. அப்படிப் பார்த்தால், அன்று அந்த நெருப்பைச் சுற்றி நின்றவர்களில் குழந்தைத்தனத்தை ஒழிக்க வேண்டியிருந்தவன், கையில் பெட்டியோடு நின்ற சிறுவன் அல்லன். மேடையில் நின்ற நானே.

மீட்கப்பட்ட எருசலேமைச் சகரியா தீர்க்கதரிசி காணும் காட்சியையும் எண்ணிப் பாருங்கள். அங்கே முதியோர் கையில் கோலூன்றி வீதிகளில் அமர்ந்திருக்கிறார்கள். அதே வீதிகளில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். நகரம் நலமடைந்ததற்கு அடையாளமாக விளையாட்டு நிறைந்த தெருவைத் தேவன் காட்டுகிறார். விளையாட்டு என்றாலே வீண் என்று சொல்வதற்கு நமக்கு ஏது அதிகாரம்?

அப்படியானால் எல்லாப் பொழுதுபோக்கும் நல்லதா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. சேகரிப்பு பேராசையாக மாறக்கூடும். அரிய கேசட்டுக்கு ஏலம் கேட்டுக் கடனில் விழுவோர் உண்டு. பழைய காலத்தில் வாழ்வதற்காக இன்றைய மனைவி மக்களை மறப்போரும் உண்டு. ஆகவே இத்தகைய விருப்பமுடையோர் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ள மூன்று கேள்விகளைச் சொல்வேன். இதனால் என் வீட்டாருக்கு உரிய நேரமும் பணமும் குறைகிறதா? இது என்னை மனிதரிடம் கொண்டு செல்கிறதா, மனிதரிடமிருந்து ஒளிக்கிறதா? நிறுத்த வேண்டிய வேளையில் என்னால் நிறுத்த முடிகிறதா?

மூன்றாம் கேள்வியில் பழைய விளையாட்டுகளுக்கு ஒரு நற்பண்பு உண்டு. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு முடிவு என்ற ஒன்று இருக்கிறது. வென்றாலும் தோற்றாலும் திரை நின்றுவிடும்; எழுந்து போகலாம். இன்று நம் கைப்பேசிகளில் உள்ள பல விளையாட்டுகளோ முடியாதபடியே அமைக்கப்பட்டவை. தினமும் அறிவிப்பு அனுப்பி அழைப்பவை. சிறிது சிறிதாகப் பணம் கேட்பவை. அந்தச் சகோதரரின் டிவியைக் குறித்துக் கவலைப்படும் மூத்தோர், ஆராதனையின் நடுவிலும் கைப்பேசியைத் தடவும் நம் கைகளைக் குறித்தும் சற்றுக் கவலைப்பட வேண்டும்.

மேலும், எதையும் குப்பை என்று தீர்ப்பிடுவதற்கு முன் தாமதிப்பது நல்லது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் அலமகோர்டோ என்ற ஊரில், அட்டாரி நிறுவனம் விற்காத தன் கேசட்டுகளை 1983 ஆம் ஆண்டு குப்பைமேட்டில் கொட்டிப் புதைத்தது. 2014 ஏப்ரலில் அந்த இடத்தைத் தோண்டி அவற்றை வெளியே எடுத்தார்கள். அவற்றுள் ஒன்று இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்நாட்டில் வெளியான பழைய விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று கடைகளில் வாங்கக் கிடைப்பதில்லை என்று 2023 இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. ஒரு தலைமுறையின் நினைவு இத்தனை எளிதில் அழியும் என்றால், அதைத் துடைத்துப் பற்றவைத்துக் காப்பவரின் உழைப்பை எப்படி வீண் என்பது? புதைத்ததைத் தோண்டியெடுக்கலாம். நான் எரிக்கச் சொன்னதை எடுக்க முடியாது.

அந்தச் சனிக்கிழமையும் மஞ்சள் கேசட் கிடைக்கவில்லை. மாலையில் அவர் வீட்டிலேயே தங்கி, வாழ்வில் முதன்முறையாக நான் விளையாடினேன். காண்ட்ரா என்ற விளையாட்டு. இருவர் சேர்ந்து ஆடுவது. அதில் ஓர் அருவியின் மேல் ஏறும் கட்டம் வரும். ஒருவர் வேகமாக ஏறினால் திரை அவரோடு மேலே நகரும். கீழே பின்தங்கியவர் திரையை விட்டு விழுந்து மடிவார். நான் இரண்டுமுறை மடிந்தேன். மூன்றாம் முறை அவர் ஏறாமல் ஒரு பாறையின்மேல் நின்றுகொண்டார்.

“மெதுவா வாங்க ஐயா. நான் நிக்கிறேன்.”

அவருடைய தகப்பனாருக்கும் விளையாடத் தெரியாதாம். அவருக்காகவும் இப்படித்தான் நிற்பாராம்.

பிறகு நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் மன்னித்தார். இருபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் ஆலயத்திற்கு வராமல் இருந்தவர், அந்த நெருப்பை மூட்டிய போதகரின் சபைக்கே வந்து, அவருக்காக அருவியில் நிற்கிறார். கிறிஸ்தவ அன்பைக் குறித்து நான் அதைவிடத் தெளிவாகப் பிரசங்கித்ததில்லை.

ஆகவே மூத்தோருக்கு என் பதில் இதுவே: அவருக்கு நான் புத்தி சொல்லப் போவதில்லை. உங்கள் வீட்டிலோ சபையிலோ உங்களுக்கு விளங்காத ஒன்றை நேசிக்கும் ஒருவர் இருப்பார். தபால்தலையாக இருக்கலாம், புறாவாக இருக்கலாம், பழைய வானொலிப் பெட்டியாக இருக்கலாம். இந்த வாரம் அவரருகே அமர்ந்து, அது அவரிடம் எப்படி வந்தது என்று கேளுங்கள். பதில் வரும்வரை காத்திருங்கள்.

யாருடைய வீட்டு அட்டத்திலாவது மஞ்சள் நிறக் கேசட் ஒன்று தூசி படிந்து கிடந்தால், ஆராதனைக்கு வரும்போது கொண்டுவாருங்கள். தயவுசெய்து ஊதாதீர்கள்.

கர்த்தர் உங்களையும் உங்கள் இல்லத்தாரையும் ஆசீர்வதிப்பாராக.