தோனிக்கு ஏணி எது?

ரயில்வே வேலையை உதறிவிட்டு வந்து உலகப் புகழ் பெற்றவர் என்றே விக்கெட் கீப்பர் மகேந்திர சிங் தோனியின் கதையைப் பலரும் சொல்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இது பாதிக் கதை. அந்த வேலையே அவருக்கு ஏணியாக இருந்தது என்பதை மறந்துவிடுகிறோம்.

அவருடைய தந்தை, நம்மைப் போலவே பிழைப்புக்காகச் சொந்த ஊரை விட்டு வந்தவர். இன்றைய உத்தராகண்டின் மலைக் கிராமத்திலிருந்து ராஞ்சிக்கு வந்து, மெக்கான் என்ற பொதுத்துறை நிறுவனத்தில் பம்ப் ஆபரேட்டராக வேலை பார்த்தார். மகன் வளர்ந்தது நிறுவனக் குடியிருப்பில். படித்தது அங்கேயுள்ள பள்ளியில். கால்பந்தில் கோல் காத்த பையனை விக்கெட் காக்க நிறுத்தியவர் அந்தப் பள்ளியின் பயிற்சியாளர்தான்.

1998-ல் சென்ட்ரல் கோல்ஃபீல்ட்ஸ் என்ற அரசு நிலக்கரி நிறுவனத்தின் அணியில் இடம் கிடைத்தது. 2001-ல் தென்கிழக்கு ரயில்வே, விளையாட்டு வீரர்களுக்கான ஒதுக்கீட்டில் கரக்பூரில் டிக்கெட் பரிசோதகர் வேலை கொடுத்தது. சிற்றூர்களில் ஆட்டக்காரர்களைத் தேடக் கிரிக்கெட் வாரியம் அனுப்பிய முன்னாள் வீரர் பிரகாஷ் போத்தார், 2003-ல் ஜாம்ஷெட்பூரில் அவரது ஆட்டத்தைக் கண்டு பரிந்துரை செய்தார்.

2004 டிசம்பரில் சிட்டகாங்கில் முதல் சர்வதேச ஆட்டம். முதல் பந்திலேயே ரன் அவுட். ஆனால் 2005-ல் விசாகப்பட்டினத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக 148 ரன்கள், ஜெய்ப்பூரில் இலங்கைக்கு எதிராக அவுட் ஆகாமல் 183 ரன்கள். 2007-லும் 2011-லும் அவர் தலைமையில் உலகக் கோப்பைகள் வந்தன.

திறமையும் உழைப்பும் அவருடையவை. ஆனால் 20 வயதில் ஒரு தொழிலாளியின் மகன் மாதச் சம்பளம் இல்லாமல் எத்தனை நாள் மட்டையோடு அலைய முடியும்? அந்தக் கஷ்ட காலத்தில் சோறு போட்டது ரயில்வே.

விளையாட்டுக்காரனுக்கு எதற்கு அரசாங்க வேலை என்று கேட்பவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும். அந்த ஒதுக்கீட்டில் சேரும் நூறு பேரில் ஒருவர்கூடத் தோனி ஆகாமல் போகலாம். ஆனாலும் நூறு குடும்பங்களில் அடுப்பு எரியும். நாட்டுக்கு இதில் என்ன நஷ்டம்? வேலை கொடுத்தால் மட்டும் போதாது. ஆடப் போக விடுப்பும் தாராளமாகக் கொடுக்க வேண்டும்.

படிப்பை விடச் சொல்லவில்லை. மாலையில் மைதானத்துக்குப் போகும் பிள்ளையைத் திட்டாதீர்கள். ரயில்வேயும் பொதுத்துறை நிறுவனங்களும் வெளியிடும் விளையாட்டு ஒதுக்கீட்டு அறிவிப்புகளையும் கவனித்து வையுங்கள். ஏணி இருக்கிறது, ஏறப் பிள்ளைகள் வேண்டும்.