குலசையில் ராக்கெட் தளம்: நம் பெண் பிள்ளைகள் தயாரா?

தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் புதிய ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே செல்லும் ராக்கெட் இலங்கையைத் தவிர்க்க வளைந்து போக வேண்டும். அதற்கே எரிபொருள் வீணாகும். குலசைக்குத் தெற்கே திறந்த கடல் என்பதால் சிறிய ராக்கெட்டுகள் நேராகப் பறக்கும்.

தளம் நம் ஊருக்கு வருகிறது. அங்கே விஞ்ஞானியாக நம் வீட்டுப் பெண் இருப்பாளா?

இருக்க முடியும் என்பதற்குச் சாட்சி பக்கத்து மாவட்டத்திலேயே இருக்கிறது. செங்கோட்டையில் பிறந்த நிகர் ஷாஜி, நெல்லை அரசுப் பொறியியல் கல்லூரியில் படித்து 1987இல் இஸ்ரோவில் சேர்ந்தவர். அவர் திட்ட இயக்குநராக இருந்த ஆதித்யா எல்1 விண்கலம், 2024 ஜனவரி 6 அன்று பூமியிலிருந்து 15 லட்சம் கி.மீ. தொலைவில் தன் இடத்தை அடைந்து சூரியனை ஆராய்கிறது. அவருடைய தந்தை கணிதம் படித்த விவசாயி. மகளின் படிப்புக்குத் துணை நின்றவர்.

காயல்பட்டினம், உடன்குடி, குலசைப் பெற்றோர்களே! பிளஸ் ஒன்னில் கணிதம், இயற்பியல் எடுக்காத பிள்ளைக்குப் பொறியியல் கல்லூரிக் கதவு அநேகமாக மூடிவிடும். "பெண்ணுக்குக் கணக்கு எதற்கு?" என்று அந்த நாளில் சொல்லிவிடாதீர்கள்.